ஆப்ப இன்ஸ்டால் பண்றாங்க, ஒரு பில் கூட போடாம போயிடறாங்க. என்ன பண்ணலாம்?

வாசகர் கேள்வி (சுருக்கமா)

ஈரோடு பக்கத்துல இருந்து ஒரு வாசகர் நீளமா எழுதியிருக்கார். அவர் பேரு, ஆப் பேரு ரெண்டையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சொல்றேன். மூணு நண்பர்கள் சேர்ந்து மளிகைக்கடைக்காரங்க மொபைல்லயே பில் போடற மாதிரி ஒரு ஆப் பண்ணியிருக்காங்க. கடை கடையா ஏறி எறங்கி சொன்னதுல டவுன்லோட் நல்லாவே ஆகுது, ஆனா முக்காவாசிப் பேர் ஒரு பில் கூட போடாம காணாமப் போயிடறாங்க. ஆப்ப தொறந்ததும் ஓடிபி, அப்புறம் கடை பேரு, ஜிஎஸ்டி நம்பர், பான், மாநிலம், இமெயில்னு ஒரு ஃபார்ம், எல்லாமே கட்டாயம். அது முடிஞ்சா ஆப்ப சுத்திக் காட்டற 12 ஸ்கிரீன் டூர், ஸ்கிப் பட்டன் கிடையாது. அதுவும் முடிஞ்சா "உங்கள் பொருட்களைச் சேர்க்கவும்"னு ஒரு காலிப் பக்கம். டூர ஆரம்பிச்சவங்க பெரும்பாலும் முடிச்சிடறாங்க, முடிச்சவங்கதான் அப்புறம் தங்கவும் செய்றாங்க, அதனால டூர் வேலை செய்யுதுன்னு இவர் நம்பறார். பார்ட்னர் ஒருத்தர் "கடைக்காரங்களுக்கு சாஃப்ட்வேர் புரியாது, 8 நிமிஷ வீடியோ ஒண்ண கட்டாயமா பாக்க வைக்கலாம்"ங்கறார். இன்னொருத்தர் "ஃப்ரீ ட்ரயலுக்கே யூபிஐ ஆட்டோபே, அதாவது கணக்குல இருந்து தானா காசு எடுக்கற அனுமதிய வாங்கிடலாம், சீரியஸான ஆளுங்க மட்டும் வருவாங்க, அப்படியே காண்டாக்ட்ஸையும் எடுத்துக்கிட்டா கடன் பாக்கிக்கு மெசேஜ் அனுப்பலாம்"ங்கறார். எது சரின்னு கேட்டிருக்கார்.

பதில்

வணக்கம். முதல்ல உங்க ஆப்ப நானே ஒரு புது போன்ல போட்டு, மளிகைக்கடை வச்சிருக்கற ஆள் மாதிரி நெனச்சுக்கிட்டு முழுசா போய்ப் பாத்தேன். ஆப் நல்லா இருக்கு, பில் போடற ஸ்கிரீன் உண்மையிலேயே வேகமா இருக்கு. ஆனா அந்த ஸ்கிரீனுக்கு வர்றதுக்குள்ள எனக்கே பொறுமை போயிடுச்சு, கல்லாவுல நாலு பேர் நிக்கறப்ப ஒரு கடைக்காரருக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கங்க.

"அவங்களுக்குப் புரியாது"ங்கறத மொதல்ல விட்டுடுங்க. இதே கடைக்காரர் யூபிஐ சவுண்ட் பாக்ஸ் வச்சிருக்கார், வாட்ஸ்அப்ல மொத்த வியாபாரிகிட்ட ரேட் கேக்கறார், கொஞ்சம் பெரிய கடைன்னா கணக்கு எழுதறவர் டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல கண்ண மூடிக்கிட்டு எஃப்8 அடிச்சு சேல்ஸ் என்ட்ரி போடறார். புரியாதவங்க பண்ற வேலையா இது? அவங்களுக்கு டைம் இல்ல, அவ்வளவுதான். உங்க ஆப்ப கத்துக்கறதுல அவங்களுக்கு எந்த ஆர்வமும் இல்ல, இருக்கணும்னு எதிர்பாக்கவும் கூடாது. அவங்களுக்கு வேணும்ங்கறது இப்ப எதிர்ல நிக்கற ஆளுக்கு ஒரு பில்.

இது நம்ம ஊர் குணம்னும் நெனச்சுக்காதீங்க. ஐபிஎம்ல இருந்த ஜான் கேரல், மேரி பெத் ராஸன் ரெண்டு பேரும் 1987லயே இதப் பத்தி எழுதிட்டாங்க. புது சாஃப்ட்வேர் கைக்கு வந்ததும் ஜனங்க மேனுவல படிக்கறதில்ல, நேரா வேலைய ஆரம்பிச்சிடறாங்க, உக்காந்து படிச்சா பின்னாடி நேரம் மிச்சம்னு தெரிஞ்சாலும் படிக்கறதில்ல. அங்க படிச்சவங்க ஆபீஸ்லயே அப்படின்னா இங்க பெருங்காய டப்பாவுக்கும் தராசுக்கும் நடுவுல நின்னு எவன் 12 ஸ்கிரீன் படிப்பான்.

டூர பெரும்பாலும் முடிச்சிடறாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஸ்கிப் இல்லன்னா முடிக்காம என்ன பண்ணுவாங்க, "அடுத்து அடுத்து"ன்னு கட்டை விரல்ல தட்டிக்கிட்டே போயிருப்பாங்க. ஒவ்வொரு ஸ்கிரீன்லயும் எத்தன செகண்ட் நின்னாங்கன்னு எடுத்துப் பாருங்க, படிச்சாங்களா தட்டினாங்களான்னு தெரிஞ்சிடும். முடிச்சவங்கதான் தங்கறாங்கங்கறதும் டூரோட பெருமை இல்ல. எப்படியாவது இந்த ஆப்ப ஓட்டியே தீரணும்னு வந்தவர் டூரையும் தாண்டுவார், அதுக்கு மேல மலையையும் தாண்டுவார். டூர் இல்லாம விட்டிருந்தா இன்னும் எத்தன பேர் தங்கியிருப்பாங்கன்னு உங்க கணக்குல எங்கயுமே இல்ல.

ஃபார்ம்ல பாதிய தூக்குங்க

ஜிஎஸ்டி நம்பர் கட்டாயம்னு வச்சிருக்கீங்க பாருங்க, அங்கயே ஒரு கூட்டம் வெளிய போயிடும். சரக்கு மட்டும் விக்கறவங்களுக்கு நம்ம மாநிலத்துல வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினாத்தான் பொதுவா பதிவு கட்டாயம், அதுக்குக் கீழ இருக்கற தெருமுனைக் கடைக்கு அந்த நம்பரே இருக்காது. அவர் என்ன பண்ணுவார், ஒண்ணு மூடிட்டுப் போவார், இல்லன்னா கைக்கு வந்த நம்பர போடுவார், உங்க ஆப் அது தப்புங்கும். சரி, நம்பர் இருக்கறவர்கிட்ட பானும் மாநிலமும் தனியா எதுக்குக் கேக்கறீங்க? அந்த 15 எழுத்துல முதல் ரெண்டு மாநில கோடு, தமிழ்நாடுன்னா 33, அடுத்த பத்து எழுத்து பானேதான். அவர் கைல இருக்கறத மறுபடி மறுபடி டைப் அடிக்க வைக்கறது அநியாயம். இமெயில் எதுக்குன்னு எனக்குப் புரியவே இல்ல, நியூஸ்லெட்டரா அனுப்பப் போறீங்க?

முதல் நாளுக்கு கடை பேரு ஒண்ணு போதும், அது பில் தலைப்புல வரணும்ங்கறதுக்காக. அதையும் பில் ப்ரிவ்யூலயே, தலைப்பு இருக்கற எடத்துலயே தட்டி மாத்தற மாதிரி வச்சீங்கன்னா அவருக்கு ஃபார்ம் நிரப்பின உணர்வே வராது.

லாகினையே தள்ளிப் போடலாம். மொழி கத்துக்குடுக்கற டியோலிங்கோ ஆப்ல கணக்கு தொடங்காமலே முதல் பாடத்துக்குள்ள போக விடறாங்கல்ல, அதே மாதிரி. ஆப்ப தொறந்ததும் நேரா பில் ஸ்கிரீன், ஒரு பில் போட்டு சேவ் பண்ணப் போறப்ப "இது பத்திரமா இருக்கணும்னா நம்பர் குடுங்க"ன்னு கேளுங்க. அப்ப கேட்டா காரணம் அவர் கண்ணு முன்னாடியே இருக்கு. இதுல ஒரு ரிஸ்க் உண்டு, லாகின் பண்ணாம நாலு நாள் ஓட்டிட்டு போன் உடைஞ்சா கணக்கு மொத்தமும் போச்சு, திட்டு உங்களுக்குத்தான் விழும். அதனால ஒரு அளவு வைங்க, சில பில்லுக்கு மேல லாகின் இல்லாம போக முடியாதுன்னு தெளிவா முன்னாடியே சொல்லிடுங்க.

காலிப் பக்கம்தான் உங்க பெரிய எதிரி

டூர விட இதப் பத்திதான் நெறைய பேசணும்னு நெனைக்கறேன். ஒரு சுமாரான மளிகைக்கடையில நூத்துக்கணக்குல ஐட்டம் இருக்கும். "பொருட்களைச் சேர்க்கவும்"னு ஒரு வெள்ளைப் பக்கத்தக் காட்டினா அவர் மனசுல ஓடறது "சரி, ஞாயித்துக்கிழமை பையன வச்சு ஏத்திக்கலாம்". அந்த ஞாயித்துக்கிழமை வரவே வராது. உங்க ஆளுங்க தொலையற எடம் பெரும்பாலும் இதுதான்னு பந்தயமே கட்டுவேன், யார் எந்த ஸ்கிரீன்ல நின்னாங்கன்னு உங்க ஆப்ல பதிவாகியிருக்கும், அதப் பாத்தா தெரிஞ்சிடும்.

பொருள் ஏத்தறதையும் பில் போடறதையும் தனித்தனி வேலையா பிரிக்காதீங்க. பில் போடறப்பவே ஐட்டம் சேரட்டும். "து.பருப்பு அரை கிலோ"ன்னு முதல் தடவ அடிச்சு ரேட் போட்டா அது லிஸ்ட்ல தானா உக்காந்துக்கணும், ரெண்டாவது தடவ ரெண்டு எழுத்து அடிச்சதுமே வரணும். ரெண்டு மூணு வாரத்துல அந்தக் கடையில ஓடற சரக்குல முக்கால்வாசி தானாவே உள்ள வந்துடும். ஒரே பருப்பு மூணு பேர்ல பதிவாகும், உண்மைதான், அத அப்புறமா "இது ரெண்டும் ஒண்ணா?"ன்னு கேட்டு சேத்துக்கலாம், அதெல்லாம் தங்கின ஆளோட பிரச்சனை, சந்தோஷமா தீத்து வைங்க.

கூடவே பொதுவா எல்லாக் கடையிலயும் இருக்கற சரக்குக்கு ரேட் இல்லாம ஒரு ரெடி லிஸ்ட் குடுங்க. அத கடைக்காரர் சொல்ற பேர்ல குடுங்க. உ.பருப்பு, க.பருப்பு, ந.எண்ணெய்னுதான் துண்டுச்சீட்டுல எழுதுவாங்க. மொளகான்னு அடிச்சாலும் மிளகாய் வரணும், தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சாலும் வரணும், அதையும் ஆளுக்கொரு ஸ்பெல்லிங்ல அடிப்பாங்க. பாக்கெட் சரக்குக்கு பார்கோட் ஸ்கேன் சரி, ஆனா லூஸ் சரக்குக்கு பார்கோட் ஏது, அதனால ஸ்கேன மட்டும் நம்பி உக்காராதீங்க. டேலியில ஏற்கனவே லிஸ்ட் வச்சிருக்கறவங்களுக்கு எக்செல்ல இருந்து ஏத்தற வழி குடுங்க, அது சில பேருக்குத்தான், ஆனா அந்த சில பேர் காசு குடுக்கற ஆளுங்க.

இன்னொண்ணு, உங்க ஆப்ல காட்டற சாம்பிள் பில்லுல ஒரு ஐட்டத்துக்கு 12 சதவீத வரி காட்டுது. 2025 செப்டம்பர் 22ல இருந்து பெரும்பாலான சரக்குக்கு அந்த 12ம் போச்சு, 28ம் போச்சு. கடைக்காரர் அதப் பாத்த நிமிஷம் "இவனுங்களுக்கே தெரியல"ன்னு முடிவு கட்டிடுவார். மாதிரி டேட்டாதானேன்னு விடாதீங்க, அவர் உங்கள எடை போடறதே அத வச்சுத்தான்.

பிரிண்டர்

உங்க கடிதத்துல பிரிண்டர் பத்தி ஒரு வார்த்தை இல்ல, ஆச்சரியமா இருந்துச்சு. கடைக்காரருக்கு பில்னா கையில பேப்பர். அந்த ரெண்டு இஞ்ச் புளூடூத் பிரிண்டர கனெக்ட் பண்றதுலதான் பாதிப் பேர் மல்லுக்கட்டிட்டு இருப்பாங்க. போனோட பிரிண்டர ஜோடி சேக்கறப்ப பின் நம்பர் கேக்கும், பெரும்பாலும் 0000 இல்லன்னா 1234, இத ஸ்கிரீன்லயே போட்டுட்டா உங்களுக்கு வர்ற போன் பாதி கொறையும்.

பழைய ஆண்ட்ராய்டுல, அதாவது 11 வரைக்கும், பக்கத்துல இருக்கற புளூடூத் கருவிய தேடணும்னாலே லொகேஷன் பெர்மிஷன் கேக்கும், 12ல இருந்துதான் "அருகிலுள்ள சாதனங்கள்"னு தனியா வந்துச்சு. பில் போடற ஆப் எதுக்குடா என் லொகேஷன் கேக்குதுன்னு அவர் மறுத்துடுவார், நியாயமான சந்தேகம்தான். ரெண்டு தடவ மறுத்துட்டா ஆண்ட்ராய்டு 11ல இருந்து அந்தக் கேள்வி திரும்ப வராது, செட்டிங்ஸுக்குள்ள போய்த்தான் மாத்தணும், யார் போவா. அதனால சிஸ்டம் கேக்கறதுக்கு முன்னாடி உங்க ஸ்கிரீன்லயே ஒரு வரி சொல்லுங்க, "பிரிண்டர கண்டுபிடிக்க போன் இத கேக்கும், நீங்க எங்க இருக்கீங்கன்னு நாங்க பாக்கறதில்ல"ன்னு. பிரிண்டர் பட்டன தட்டின அப்புறம் சொன்னா போதும், ஆப் தொறந்ததும் வரிசையா அஞ்சு பெர்மிஷன் கேக்காதீங்க. நோட்டிஃபிகேஷன் பெர்மிஷனும் அப்படித்தான், ஆண்ட்ராய்டு 13ல இருந்து அதையும் கேட்டு வாங்கணும், முதல் நிமிஷத்துல கேட்டா முடியாதுன்னுதான் பதில் வரும்.

தமிழ்ல பில் வேணும்னு கேப்பாங்க. இந்த சின்ன பிரிண்டர்கள்ல பெரும்பாலும் தமிழ் ஃபாண்ட் இருக்காது, படமா மாத்தித்தான் அடிக்கணும், வேகம் கொஞ்சம் கொறையும். முதல் டெஸ்ட் பிரிண்ட்லயே கடை பேரு தமிழ்ல பளிச்சுன்னு வந்துட்டா ஆள் உங்க பக்கம். பிரிண்டரே இல்லாத கடைக்கு பில்ல வாட்ஸ்அப்ல அனுப்பற வழி முதல் ஸ்கிரீன்லயே தெரியட்டும்.

ஆப்ப போட்டவர் ஒருத்தர், பில் போடறவர் வேற

இத பல டீம் மறந்துடறாங்க. இன்ஸ்டால் பண்றது முதலாளி, உங்க டூர பாத்ததும் அவர்தான். மதியம் அவர் சாப்பிடப் போனதும் கல்லாவுல உக்கார்றது அவர் வீட்டம்மாவோ வேலைக்கு வந்த பையனோ. அவங்களுக்கு எந்த டூரும் இல்ல, எந்த வீடியோவும் இல்ல, ஒரு தப்பு பில் விழுந்தா திட்டு மட்டும் உண்டு. அந்தப் பையன் ஆறு மாசத்துல வேற கடைக்குப் போவான், புதுசா ஒருத்தன் வருவான். அப்ப ஆன்போர்டிங், அதாவது புது ஆள ஆப்புக்குப் பழக்கறது, முதல் நாளோட முடியற சமாச்சாரமா என்ன?

பையனுக்கு தனியா ஒரு எளிய மோட் குடுங்க. பில் போடறது, பில்ல ரத்து பண்ணச் சொல்லி முதலாளிக்கு அனுப்பறது, அவ்வளவுதான் அதுல இருக்கணும். ரேட் மாத்தறது, ரிப்போர்ட், டெலிட் எதுவும் கண்ணுலயே படக்கூடாது. இதுக்கும் பழைய ஆதாரம் உண்டு. அதே கேரலும் கூட ஒருத்தரும் சேர்ந்து 1984ல ஒரு வேர்ட் பிராசஸர்ல புது ஆளுங்க போய் மாட்டிக்கற ஃபங்ஷன்களை எல்லாம் பூட்டி வச்சுப் பாத்தாங்க, பூட்டினது கைக்கு வந்தவங்கதான் வேலைய சீக்கிரம் முடிச்சாங்க, தப்புல சிக்கி வீணாப்போன நேரமும் கொறஞ்சுது. நம்ம கடையிலயும் அதுதானே வழக்கம், புதுசா சேர்ந்தவன மொதல்ல பொட்டலம் கட்ட விடுவாங்க, கல்லா சாவி அப்புறம்தான்.

அப்ப டூரே வேண்டாமா, வீடியோ?

12 ஸ்கிரீனையும் எடுத்துடுங்க. அதுல இருக்கற விஷயம் வீணில்ல, எடம்தான் தப்பு. "கடனுக்கு எழுதலாம்"ங்கறத யாரோ முதல் தடவ கம்மியா காசு வாங்கி பில் போடறப்ப ஒரு வரியில சொல்லுங்க, அப்ப காது கேக்கும். அதையும் அளவா பண்ணுங்க. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 97ல கண்ண உருட்டிக்கிட்டு ஒரு பேப்பர் கிளிப் வந்து "லெட்டர் எழுதறீங்களா?"ன்னு கேக்குமே, ஜனங்க வெறுத்து, கடைசியில ஆபீஸ் 2007ல அவங்களே தூக்கிட்டாங்க. ஒரு தடவ மூடினா அந்த டிப் மறுபடி வரக்கூடாது.

8 நிமிஷ வீடியோவ கட்டாயம் ஆக்கினா போன கவுத்து வச்சுட்டு வேலையப் பாப்பாங்க. வெட்டி ஆறேழு துண்டா பண்ணுங்க, ஒவ்வொண்ணும் ஒரே ஒரு காரியம், சத்தம் இல்லாமலே புரியணும், ஏன்னா கடையில சத்தம் கேக்காது. பிரிண்டர் கனெக்ட் ஆகலன்னு எரர் வர்ற எடத்துல பிரிண்டர் துண்டு, அவ்வளவுதான். வாட்ஸ்அப்ல பார்வர்ட் பண்ற மாதிரி இருந்தா முதலாளியே பையனுக்கு அனுப்பிடுவார்.

ஆட்டோபேயும் காண்டாக்ட்ஸும்

நான் வக்கீல் இல்ல, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க. ஆனா தொழில்ல இருக்கறவ தெரிஞ்சு வச்சிருக்க வேண்டிய அளவுக்கு சொல்றேன். 2023 நவம்பர் 30ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன், அதாவது வாங்கறவங்கள ஏமாத்தி சிக்க வைக்கற டிசைன் பத்தி வழிகாட்டுதல் போட்டுது, 13 வகை சொல்லியிருக்கு. அதுல சந்தா வலைங்கற வகையில, இலவசமா ஒண்ண தர்றதுக்கு பணம் எடுக்கற விவரத்தையோ ஆட்டோ டெபிட் அனுமதியையோ கட்டாயமா வாங்கறதும் வருது. உங்க பார்ட்னர் சொல்ற யோசனை கிட்டத்தட்ட வரிக்கு வரி அதேதான். "நம்மளது கடைக்காரங்களுக்கான ஆப், அவங்க நுகர்வோர் இல்ல"ன்னு அவர் வாதம் பண்ணலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபார நோக்கத்துக்கு வாங்கறவங்கள வெளிய வைக்குது, உண்மை, ஆனா சுயதொழில்ல பொழப்புக்காக மட்டும் வாங்கி உபயோகிக்கறவர உள்ள சேக்குது. தெருமுனை மளிகைக்காரர் எந்தப் பக்கம்னு சண்டை போட வேண்டிய நெலமைக்கு எதுக்குப் போகணும்.

சட்டம் கெடக்கட்டும், வியாபாரமா பாத்தாலும் தப்பு. ஒரு பில் கூட போட்டுப் பாக்காதவர்கிட்ட பேங்க்ல கைய வைக்க அனுமதி கேட்டா சீரியஸான ஆளும் ஓடுவார். ஆட்டோபேயில காசு எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி தகவல் போகணும்னு ரிசர்வ் வங்கி விதி வேற இருக்கு, அந்த மெசேஜ் வந்ததும் பயன்படுத்தாத எல்லாரும் ரத்து பண்ணிட்டு ஒத்த ஸ்டார் குடுத்துட்டுப் போவாங்க. டேலிய பாருங்க, லைசன்ஸ் இல்லாமலே எஜுகேஷனல் மோட்ல ஓட்டலாம், மாசத்துல 1, 2, 31 தேதிக்கு மட்டும் என்ட்ரி போட விடும். கத்துக்க முழுசா வழி, கடைய ஓட்ட வழி இல்ல. ஊர் ஊரா கம்ப்யூட்டர் சென்டர்ல அதுலதான் பசங்க படிச்சு வந்தாங்க. நீங்களும் ஆட்டோபேக்கு பதிலா பில் எண்ணிக்கையில அளவு வைக்கலாம், அளவு முடியற அன்னைக்கு அவருக்கே உங்க ஆப் தேவைப்படும்.

காண்டாக்ட்ஸ தொடாதீங்க. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துலயே இதுக்கு உதாரணம் குடுத்திருக்காங்க: ஒரு டெலிமெடிசின் ஆப் காண்டாக்ட் லிஸ்டும் சேத்துக் கேக்குது, அந்தப் பொண்ணும் சரின்னுடுது, ஆனா வைத்தியத்துக்கு அந்த லிஸ்ட் தேவை இல்லங்கறதால அந்த சம்மதம் அதுக்குச் செல்லாது. ஒப்புதல் கேக்கற வாசகத்த தமிழ்லயும் படிக்க வழி குடுக்கணும்னும் அதுல இருக்கு, அரசியலமைப்போட எட்டாவது அட்டவணையில இருக்கற மொழிகள் எல்லாத்துக்கும் அப்படித்தான். விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமான கடமைகளுக்கு அப்ப இருந்து 18 மாசம் டைம் குடுத்தாங்க, இப்பவே சரியா கட்டிட்டா பின்னாடி பிரிச்சு மேய வேண்டாம். கடன் பாக்கி மெசேஜுக்கு அந்த ஒரு வாடிக்கையாளரோட நம்பர கடைக்காரர் அங்கயே போட்டா போதும்.

எத எண்ணணும்

டவுன்லோட், டூர் ரெண்டையும் போர்டுல இருந்து அழிச்சிடுங்க. இன்ஸ்டால்ல இருந்து முதல் நிஜ பில்லுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு, அடுத்த நாள் மறுபடி பில் விழுந்துச்சா, ஒரு வாரம் கழிச்சும் விழுதா, இந்த மூணு போதும். "டெஸ்ட்"னு பேர் போட்டு ஒரு ரூபாய்க்குப் போட்டதெல்லாம் நிஜ பில் இல்ல. இந்த வாரம் சேர்ந்தவங்கள தனியா, போன வாரத்துக்காரங்கள தனியா பாருங்க, மொத்தமா போட்டுப் பாத்தா நீங்க மாத்தினது வேலை செஞ்சுதான்னு எந்தக் காலத்துலயும் தெரியாது. உங்ககிட்ட இருக்கற ஆள் எண்ணிக்கைக்கு பாதிப் பேருக்கு ஒண்ணு, மீதிக்கு வேறன்னு பிரிச்சு சோதிச்சா பதில் தெளிவா வராது, அத பெரிய கம்பெனிங்க பண்ணட்டும். நீங்க அஞ்சு கடையில போய் ஓரமா உக்காருங்க. புது ஆள்கிட்ட போன குடுத்து "ஒரு பில் போடுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்கணும், அவர் தடுமாறறப்ப கை நீட்டி காட்டவே கூடாது, அது கஷ்டம், அதனால மூணு பேர்ல யாருக்கு பொறுமை ஜாஸ்தியோ அவர அனுப்புங்க.

பில் போடாம போனவங்களுக்கு மறுபடி மெசேஜ் அடிக்கலாமான்னு கடைசியில கேட்டிருந்தீங்க. இப்ப வேண்டாம், அதே ஃபார்முக்கும் அதே காலிப் பக்கத்துக்கும்தான் திரும்ப வருவாங்க. ஃபார்ம், ஐட்டம், பிரிண்டர் மூணையும் சரி பண்ணிட்டு ஆள் வச்சு போன் பண்ணுங்க, மதியம் ரெண்டுல இருந்து நாலு மணிக்குள்ள, அப்பதான் கடையில கூட்டம் இருக்காது.